பெட்ரோல் முள்ளை எவ்வளவு நம்பலாம்?



குழுக் கூட்டம் முடிந்து, சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி நோட்டை மூடினதும் பேச்சு எங்கெங்கோ போகும். இப்போதெல்லாம் அதில் வண்டிப் பேச்சும் சேர்ந்துகொண்டது. "100 ரூபாய்க்குப் போட்டேன், முள்ளு அசையவே இல்ல. பங்குல ஏமாத்திட்டாங்க" என்பது ஒன்று. "ராத்திரி வரும்போது பாதி இருந்துச்சு, காலைல கால்வாசிதான் காட்டுது. எம் மகன்தான் எடுத்துட்டுச் சுத்தியிருக்கான்" என்பது இன்னொன்று. "முள்ளு சிவப்புக்கே வரல, அதுக்குள்ள வண்டி நின்னுபோச்சு" என்பது மூன்றாவது.

பங்க்காரர் மேல் கோபம், மகன் மேல் சந்தேகம், வண்டி மேல் எரிச்சல். இந்த மூன்றையும் கிளப்பிவிட்டது அந்தச் சின்ன முள்தான். அந்த முள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு வாழைத் தோட்டத்துக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிற கஷ்டமும் குறையும்.

முள் இல்லாத வண்டிகள்

நம் பக்கத்தில் முதலில் வீட்டுக்கு வீடு வந்தது டிவிஎஸ் 50 தான். 1980ல் வந்த வண்டி. வாழைத்தாரும் தண்ணிக்குடமும் புல்லுக்கட்டும் சுமந்த அந்த வண்டியில் பெட்ரோல் முள்ளே கிடையாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். வண்டியை இப்படி அப்படி ஆட்டி, உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் இருக்கிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டே இருக்கும்போது வண்டி திக்கினால் குழாயை 'ரிசர்வ்' பக்கம் திருப்புவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

அப்போது ஓட்டினது பெரும்பாலும் ஆண்கள். நாம் பின்னால் உட்கார்ந்து போனோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினதை மூத்தவர்கள் நினைவு வைத்திருப்பீர்கள். பிறகு கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வந்தன. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகள் அது நடந்தது. மானியத்திலும் குழுக் கடனிலும் வாங்கின வண்டிகள் இன்றைக்கும் பால் சொசைட்டிக்கும் பேங்குக்கும் சந்தைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுவதும் நாம்தான், பெட்ரோலுக்குக் காசு கொடுப்பதும் நாம்தான். அதனால்தான் முள் சொல்வது சரியா தப்பா என்ற கேள்வி நமக்கு வருகிறது.

உள்ளே என்ன இருக்கு?

வீட்டு மேல்தொட்டியில் ஒரு மிதவைப் பந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், இறங்கினால் இறங்கும். பெட்ரோல் டேங்கிலும் அப்படியே ஒரு சின்ன மிதவை, ஒரு கம்பியின் நுனியில் இருக்கிறது. கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. மிதவை ஏறி இறங்கும்போது ஒயரில் போகிற கரண்டின் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் முன்னால் இருக்கிற முள் காட்டுகிறது. சாவி போட்டால்தான் முள் எழும்பும், சாவியை எடுத்தால் விழுந்துவிடும் என்பதற்கும் இதுதான் காரணம்.

ஆக, முள்ளுக்கு லிட்டர் தெரியாது. மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். உயரம் வேறு, அளவு வேறு.

நெல் அளக்கிற படி நேராக இருக்கும். அதில் பாதி உயரம் என்றால் பாதிப் படி நெல். குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் என்றால் ஒரு செம்புகூடத் தேறாது. வயிற்றில் ஒரு விரற்கடை என்றால் பல செம்பு வரும். வண்டியின் டேங்க் படி மாதிரி இல்லை, குடம் மாதிரி. அதுவும் கோணல் குடம். மோட்டார் சைக்கிளில் டேங்க் நடுக்கம்பியின் மேல் குதிரைச் சேணம் போல் உட்கார்ந்திருக்கிறது. மேலே அகலம். கீழே வரவர நடுவில் கம்பிக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் இரண்டு காலாகத் தொங்குகிறது. ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கிற பலகைக்கு அடியிலோ, கிடைத்த இடத்துக்குத் தகுந்தபடி வளைத்துச் செய்திருப்பார்கள். இதற்குள் பெட்ரோல் ஒரே சீராக இறங்காது. மேலே அகலமான இடத்தில் மெதுவாக இறங்கும், கீழே குறுகின இடத்தில் சடசடவென்று இறங்கும்.

"பாதி வரைக்கும் நல்லா ஓடுச்சு, பாதிக்கு அப்புறம் குடிக்குது" என்று நாம் சொல்வது இதைத்தான். வண்டி குடிக்கவில்லை. குடத்தின் வடிவம் அப்படி.

இன்னொன்று. டேங்க் நிறைகிறதுக்கு முன்னாலேயே மிதவை தன் மேல் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஊற்றுகிற பெட்ரோலை அது அறியாது. அதனால்தான் முழுசாகப் போட்ட பிறகு முதல் 20, 30 கிலோமீட்டருக்கு முள் அசையாமல் நிற்பது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும்! கீழேயும் அதே கதைதான். மிதவை தன் அடி எல்லைக்கு வந்த பிறகும் அதற்குக் கீழே கொஞ்சம் பெட்ரோல் கிடக்கும். முள் காலிக்கோட்டைத் தொட்டதும் வண்டி நின்றுவிடாமல் இருக்க, கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே இந்த இடைவெளியை விடுகிறார்கள். ஆனால் அந்த மிச்சம் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

முள்ளுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டுகிற புது வண்டிகள் இன்னும் சரியாகச் சொல்லும் என்று நினைக்கிறோம். உள்ளே பெரும்பாலும் அதே மிதவைதான். 5 கட்டம் என்றால் ஒவ்வொரு கட்டமும் ஒரு தோராயம். கடைசிக் கட்டம் எரியும்போது அது இப்போதுதான் தொடங்கியதா, அணையப் போகிறதா என்று கட்டம் சொல்லாது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண் காட்டுகிற வண்டிகளும் வந்துவிட்டன. தனி ஆளாகப் போன கணக்கை வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும். பின்னால் இரண்டு மூட்டையும் ஒரு ஆளும் ஏறினால் அந்த எண் நிற்காது.

மகன் மேல் சந்தேகம் வேண்டாம்

இப்போது அந்த ராத்திரி, காலைக் கணக்குக்கு வருவோம். ராத்திரி வரும்போது வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தது, முள் பாதி காட்டியது. வீட்டு முன்னால் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. உள்ளே பெட்ரோலும் இடது பக்கம் ஒதுங்கியது. மிதவை வலது பக்கம் இருந்தால் அது கீழே இறங்கிவிடும், முள் குறைத்துக் காட்டும். மிதவை இடது பக்கம் இருந்தால் கூட்டிக் காட்டும். காலையில் சைடு ஸ்டாண்டிலேயே சாவியைப் போட்டுப் பார்த்தால் தெரிகிற கணக்கு இதுதான்.

சமதளத்தில் நடு ஸ்டாண்டு போட்டு, சாவி போட்டு, பத்து எண்ணுகிற நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தளும்பும்போதெல்லாம் முள் ஆடாமல் இருப்பதற்காக அதை மெதுவாக நகரும்படி செய்திருக்கிறார்கள். பாலத்து ஏற்றம், வேகத்தடை, குண்டும் குழியுமான தெரு, பிரேக் பிடிக்கிற நேரம், இந்த இடங்களில் முள் சொல்வது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையா? ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கிலோமீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் அந்த எண் மாறியிருந்தால் மகனைக் கேட்கலாம். மாறவில்லை என்றால் பாவம், அவனை விட்டுவிடுங்கள்.

100 ரூபாய் பெட்ரோல்

நம்மில் பெரும்பாலோர் டேங்க் நிறையப் போடுவதில்லை. கையில் இருப்பதைப் பொறுத்து 50, 100, 200 என்று போடுகிறோம். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது 2021ல். அதற்கு முன்னால் அதே 100 ரூபாய் முள்ளை எவ்வளவு தூக்கியது என்பது நம் மனதில் பதிந்திருக்கிறது. அந்த நினைப்பில் இப்போது பார்த்தால் குறைவாகத்தான் தெரியும்.

காலியாக இருக்கிற டேங்கில் முதலில் ஊற்றுகிற அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ மிதவைக்கு அடியில் இருக்கிற பள்ளத்தை நிரப்பவே போய்விடும். அதற்குப் பிறகு ஊற்றுவதுதான் மிதவையைத் தூக்கும். போதாததுக்கு, பங்கில் பலர் சைடு ஸ்டாண்டில் நின்றபடியே சாவியைத் திருப்பிப் பார்க்கிறோம். முள் அசையவில்லை, "ஏமாத்திட்டாங்க" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் பங்கில் குறைவே நடக்காதா? நடக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க முள் உதவாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஊற்றத் தொடங்கும் முன் மெஷினில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டு கேட்டு வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. முத்திரை போட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருப்பதைச் சட்டம் ஏற்கிறது. அதற்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையில் எடையளவு பார்க்கிற அதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் குழுவிலிருந்து இரண்டு மூன்று பேராகப் போய்க் கேளுங்கள். ரேஷன் கடையில் எடை கேட்கப் பழகின நமக்கு இது பெரிய காரியமா என்ன?

நோட்டுப் போடுகிற கணக்கு

ஊக்குநரும் பிரதிநிதியும் வரவு செலவு எழுதுகிற மாதிரியே வண்டிக்கும் ஒரு சின்ன நோட்டு போட்டால், முள் தராத கணக்கை அது தரும். டேங்க் பெட்டிக்குள் ஒரு 10 ரூபாய் நோட்டும் பேனாவும் போதும்.

சம்பளமோ பால் பணமோ வருகிற ஒரு நாளில் டேங்கை நிறையப் போடுங்கள். பங்க் குழாய் தானாக 'டக்' என்று நிற்கிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை தளும்ப ஊற்றச் சொல்ல வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் வேண்டும். (கோடையில் டேங்க் நிறையப் போட்டால் வண்டி வெடிக்கும் என்று வருஷா வருஷம் செல்போனில் ஒரு செய்தி சுற்றும். குழாய் நிற்கிற அளவுக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. எண்ணெய்க் கம்பெனிகளே அந்தச் செய்தியை மறுத்திருக்கின்றன.)

போட்ட உடனே கிலோமீட்டர் எண்ணை எழுதுங்கள். 14,320 என்று வைத்துக்கொள்வோம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதே பங்கில் அதே மாதிரி நிறையப் போடுங்கள். இப்போது எண் 14,488. போட்டது 3.5 லிட்டர். ஓடின தூரம் 168 கிலோமீட்டர். 168ஐ 3.5ஆல் வகுத்தால் 48. லிட்டருக்கு 48 கிலோமீட்டர் என்பதுதான் உங்கள் வண்டி, உங்கள் ரோட்டில், உங்கள் சுமையோடு தருகிற மைலேஜ். கடைக்காரர் சொன்ன 60, 65 எல்லாம் அவருடைய ரோட்டுக் கணக்கு.

இரண்டு மூன்று தடவை இதைச் செய்து பார்த்தால் ஒரு நிலையான எண் கிடைக்கும். ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலி போய்வர 70 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றரை லிட்டர் வேண்டும் என்று புறப்படும் முன்னே தெரிந்துவிடும். நாசரேத், ஏரல், குரும்பூர் என்று சுற்றுகிற நாளுக்கும் இப்படியே. சுமை ஏற்றுகிறவர்கள் மைலேஜைக் குறைத்தே போட வேண்டும். வைகாசியில் ஒன்பது கருட சேவைக்குக் கூட்டம் கூடுகிற நாளில், தெருவில் நின்று நின்று போகிற வண்டி எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது.

மைலேஜ் தெரிந்த பிறகு முள்ளின் பாஷையும் புரியத் தொடங்கும். டேங்க் நிறைத்த நாளிலிருந்து முள் பாதிக்கு வரும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, காலிக்கோட்டைத் தொடும்போது எத்தனை என்று ஒரு தடவை குறித்துப் பாருங்கள். ஒரு உதாரணம்: 5 லிட்டர் டேங்க், மைலேஜ் 48. பாதிக்கு வரும்போது 130 கிலோமீட்டர், காலிக்கோட்டில் 195 கிலோமீட்டர் என்று வைப்போம். மேல் பாதி 130 கொடுத்தது, கீழ் பாதி 65தான் கொடுத்தது. முள் 'பாதி' என்று காட்டும்போது செலவானது 2.7 லிட்டர். காலிக்கோட்டில் மிச்சம் இருப்பது ஏறக்குறைய 900 மில்லி. இது தெரிந்தவர் பாதியைப் பார்த்து, "இன்னும் 130 ஓடும்" என்று நம்பிப் புறப்பட மாட்டார். உங்கள் வண்டிக்கு வேறு எண் வரும், நீங்களே குறித்தால்தான் தெரியும்.

மைலேஜ் திடீரென்று இறங்கினாலும் நோட்டுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். டயரில் காற்று குறைந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025ல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய இருசக்கர வண்டிகளில் இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. 48 தந்த வண்டி 46 தந்தால் அதனால் இருக்கலாம். 38 தந்தால் எத்தனாலைக் குறை சொல்லாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

ரிசர்வ் குழாய் போன பிறகு

பழைய வண்டியில் இருந்த ரிசர்வ் குழாய், முள்ளைவிட நேர்மையானது. டேங்குக்குள் அந்தக் குழாய்க்கு இரண்டு வாய், ஒன்று உயரத்தில், ஒன்று அடியில். பெட்ரோல் உயரத்து வாய்க்குக் கீழே போனதும் வண்டி திக்கும். திருப்பினால் அடி வாயிலிருந்து எடுக்கும். ஒயரும் இல்லை, கரண்டும் இல்லை, பொய் சொல்ல வழியில்லை.

கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றில் இந்தக் குழாய் முதலிலிருந்தே கிடையாது. 2020 ஏப்ரல் 1 முதல் புகை குறைவான புது வகை இஞ்சின்கள்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தபின், மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சுகிற முறை வந்தது. அதோடு ரிசர்வ் குழாயும் போனது. இந்தப் புது வண்டிகளில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்பு மூழ்கிக் கிடக்கிறது, ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் மாதிரி. சுற்றி இருக்கிற பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் என்ன ஆகும் என்று விவசாய வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்கடி கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் பம்பு சூடாகித் தேயும். மாற்றச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். குழுக் கடன் தவணை கட்டுகிற மாதத்தில் அந்தச் செலவு வந்தால் தாங்குமா?

அதனால் 5 லிட்டர் டேங்க் என்றால் 1 லிட்டரை இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் 48 என்றால் 190 கிலோமீட்டருக்குள், சுமை ஏற்றி 40 என்றால் 160க்குள் பங்குக்குப் போய்விட வேண்டும். திருச்செந்தூர் மெயின் ரோட்டை விட்டு உள்ரோட்டில் இறங்கிவிட்டால் இருட்டின பிறகு பங்கும் இல்லை, துணையும் இல்லை. அவசரத்துக்கு என்று பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வீட்டில் வைப்பது ரொம்ப ஆபத்து. அடுப்பு எரிகிற வீடு, பிள்ளைகள் நடமாடுகிற வீடு. டேங்கில் இருக்கிறதா என்று தீக்குச்சியோ விளக்கோ காட்டி எட்டிப் பார்க்கவும் கூடாது. டேங்குக்குள் இருக்கிற ஆவிக்கு ஒரு பொறி போதும்.

வெள்ளம் வந்த வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றது. வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின.

அப்படி மூழ்கின வண்டியில் முள் காட்டுவதை அறவே நம்பக் கூடாது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. டேங்குக்குள் புகுந்த தண்ணீர் அடியில் போய் உட்காரும், பெட்ரோல் மேலே மிதக்கும். மிதவைக்குத் தண்ணீர் என்ன, பெட்ரோல் என்ன? இரண்டிலும் மிதக்கும். முள் 'பாதி' என்று காட்டும், இஞ்சினுக்குப் போவது அடியில் இருக்கிற தண்ணீராக இருக்கும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அதனால் வெள்ளத்தில் மூழ்கின வண்டிக்குச் சாவி போட்டுப் பார்ப்பதே தப்பு. டேங்கை முழுசாக வடித்து, துடைத்து, மெக்கானிக் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

முள் செத்துப்போனால்

முள் எப்போதும் காலியிலேயே கிடக்கிறது, அல்லது நிறைவிலேயே நிற்கிறது, அல்லது குதித்துக் குதித்து ஆடுகிறது என்றால் அது வடிவக் கோளாறு இல்லை, பழுது. மிதவையின் கம்பி உரசுகிற பட்டை தேய்ந்திருக்கலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒயர் இணைப்பு. நம் ஊர் ஈரத்துக்கும் கடல்காற்றுக்கும் அந்தச் சின்னச் சொருகியில் பச்சைக் களிம்பு பிடிப்பது சாதாரணம். "மீட்டர் மொத்தமா மாத்தணும்" என்று கடையில் சொன்னால், முதலில் சொருகியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் டேங்க் மிதவையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மிதவை மட்டும் தனியாகக் கிடைக்கும். முன்னால் இருக்கிற மீட்டர் பெட்டியை மாற்றுவது கடைசியில்தான். மாற்றினால் பழைய மீட்டரில் இருந்த கிலோமீட்டர் எண்ணையும், மாற்றின தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புது மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.